இரண்டு கையெழுத்து

சந்தியாகுவுக்கு அறுபது வயது. திருச்சியிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து திருச்சிக்குமாக முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்த வாரத்தில் அவர் ஒரு ஆசிரியரைத் தேடிப் போனார்.

ஆசிரியரின் பெயர் தமயந்தி. முப்பத்தாறு வயது. ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் பல வருடம் கணினி முன் உட்கார்ந்து வாங்கவும் விற்கவும் ஆர்டர் போட்டவர். இப்போது தில்லைநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பங்குச் சந்தை பற்றி வகுப்பு நடத்தினார். மாதம் இருநூறு ரூபாய். எந்தப் பங்கை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் அதை மட்டும் சொல்ல மாட்டார்.

சந்தியாகு அதைத்தான் கேட்டார்.

"எதை வாங்கினா ஏறும் டீச்சர்?"

"எவ்வளவு பணம் சார்?"

"வீட்டுக் கடனை அடைச்சது போக பதிமூணு லட்சம்."

"எப்போ வேணும்?"

"என்ன எப்போ வேணும்?"

"அந்தப் பணம். திரும்ப எடுத்துச் செலவு பண்ண எப்போ வேணும்?"

சந்தியாகு விழித்தார். பணம் இப்போதுதான் வந்திருக்கிறது. அது போகும் நாளைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"தெரியலையே."

"வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"லூர்துக்குத் தெரியும். என் சம்சாரம்."

"அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

லூர்தம்மாள் ஒரு கான்வென்ட் விடுதியில் இருபத்தாறு வருடம் சமைத்தவர். முழுக்க நின்றபடி செய்த வேலை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. அடுத்த ஞாயிறு மாடிப்படியில் நாலு படி ஏறியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தமயந்தி எட்டிப் பார்த்தார். மாணவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கும்மா?"

"ஆறு வருஷம். நடந்தா உள்ள எலும்போட எலும்பு உரசுது. ரெண்டு முட்டியையும் மாத்தணும்ங்கிறார் டாக்டர். இவர் ரிட்டயர் ஆகட்டும்னு இருந்தேன். இப்போ பொண்ணு மாசமா இருக்கா. பிரசவம் ஆகி, குழந்தைக்குக் கழுத்து நிக்கட்டும், அப்புறம் வச்சுக்கலாம்னு."

"அப்படின்னா எந்த மாசம் வரும்?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு."

"எவ்வளவு ஆகும்?"

"காப்பீடு போக நாலரை லட்சம் நம்ம கையிலேர்ந்து போடணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க."

தமயந்தி சந்தியாகுவின் பக்கம் திரும்பினார்.

"நாலரை லட்சம் ஜனவரியில வேணும் சார்."

"அது தெரியும் டீச்சர். அதுக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கே. அதுவரைக்கும் அந்தப் பணம் தூங்கணுமா?"

தமயந்தி மறுநாள் அவர்களோடு வங்கிக்கு வந்தார். அறுவை சிகிச்சைக்கு நாலரை லட்சம், வீட்டில் யாருக்காவது திடீரென்று ஏதாவது ஆனால் ஒன்றரை லட்சம். ஆக ஆறு லட்சத்தை ஒன்பது மாத ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடச் சொன்னார்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. பணத்தை எடுக்க யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டது. இருவரில் ஒருவர் போதும் என்று ஒரு வரி. இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்று ஒரு வரி. தமயந்தி இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

சந்தியாகுவின் முகம் சுருங்கியது.

"தினம் அறுபது பேர் என்னை நம்பி பஸ்ஸுல தூங்கிட்டு வந்தாங்க டீச்சர்."

"ஆமா சார்."

"என் பணத்தை எடுக்க நானே ஒரு ஆளைக் கேட்கணுமா?"

"முட்டி அம்மாவோடது சார்" என்றார் தமயந்தி.

லூர்தம்மாள் பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக, கோட்டை விட்டு விலகாமல் எழுதினார். கோவிலில் கல்யாணப் பதிவேட்டில் போட்டதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் போட்டு சந்தியாகு பார்த்தது அன்றுதான்.

மீதி ஏழு லட்சத்துக்காகத்தான் அவர் வகுப்பில் சேர்ந்தார். கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். வகுப்பிலேயே வயதில் மூத்தவர் அவர்தான்.

"பங்குன்னா என்ன, சந்தியாகு சார்?"

"சீட்டு மாதிரி. விழுந்தா காசு."

"ஒரு தனியார் பஸ் இருக்குன்னு வச்சுக்கங்க. ஓனருக்கு இன்னொரு பஸ் விடணும். பணம் பத்தலை. பஸ்ஸை நூறு பங்காப் பிரிச்சு எழுதி, ஒவ்வொரு பங்கையும் ஊர்ல விக்கிறார். நீங்க ஒண்ணு வாங்கறீங்க. இப்போ பஸ் யாரோடது?"

"நூத்துல ஒண்ணு என்னோடது."

"ஓடிச் சம்பாதிச்சா அதுலேர்ந்து உங்களுக்கும் கொஞ்சம் பிரிச்சுத் தருவாங்க. அதுக்குப் பேர் டிவிடெண்ட்."

"டயர் வெடிச்சா?"

"அதுலயும் உங்களுக்குப் பங்கு உண்டு."

வகுப்பு சிரித்தது. சந்தியாகு சிரிக்கவில்லை. டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு ஞாயிறு அவரே கேட்டார்.

"எந்த பஸ் நல்லா ஓடும்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கஷ்டம் சார். அதனால ஐம்பது பஸ்ஸுலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கற வழி ஒண்ணு இருக்கு. நிஃப்டின்னு டிவியில கீழ ஓடுமே, அது ஐம்பது பெரிய கம்பெனி சேர்ந்த பட்டியல். பல பேர் பணத்தைச் சேர்த்து அந்தப் பட்டியலையே வாங்கற மியூச்சுவல் ஃபண்டை இண்டெக்ஸ் ஃபண்டுன்னு சொல்லுவாங்க."

"ஏழு லட்சத்தையும் போட்டுடவா?"

"மாசம் முப்பதாயிரம் போடுங்க."

"அப்படிப் போட்டா ரெண்டு வருஷம் ஆகுமே!"

"ஆகும்."

"விலை ஏறிட்டா?"

"அந்த மாசம் உங்க முப்பதாயிரத்துக்கு யூனிட், அதாவது ஃபண்டுல உங்க பங்கு, குறைச்சலா வரும். இறங்கின மாசம் நிறைய வரும்."

"காளை, கரடின்னு ஏதோ சொல்றாங்களே, அது?"

"விலை ஏறிக்கிட்டே போற காலம் காளை. இறங்கிக்கிட்டே போற காலம் கரடி. ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும்."

"ஒவ்வொண்ணும் எத்தனை நாள் இருக்கும்?"

"முடிஞ்ச பிறகு எண்ணிப் பார்த்துச் சொல்லுவாங்க சார்."

அந்த வருடம் காளை வந்தது. மே மாதம் ஏறியது, ஜூனில் ஏறியது, ஜூலையில் இரண்டு நாள் இறங்குவதுபோல் காட்டிவிட்டு இன்னும் வேகமாக ஏறியது. முதலில் வகுப்பில் கூட்டம் தாங்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். எதை வாங்கினாலும் ஏறும்போது ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு எதற்கு வர வேண்டும்? செப்டம்பரில் சந்தியாகுவையும் சேர்த்து ஆறு பேர் மிஞ்சினார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு டீக்கடையில் சந்தியாகு தினமும் காலையில் பிச்சாண்டியைப் பார்ப்பார். பிச்சாண்டி அவரோடு பதினாலு வருடம் ஒரே பேருந்தில் நடத்துநராக வந்தவர். ஒருநாள் பிச்சாண்டி கைபேசியை நீட்டினார்.

"டிரைவரே, இதைப் பாருங்க."

"என்ன கண்டக்டரே?"

"ரெண்டு லட்சம் போட்டேன். இப்போ மூணு லட்சத்து நாப்பதாயிரம். மொத்தம் ஏழே வாரம்."

அது ஏதோ ஒரு ரசாயனக் கம்பெனி. கைபேசியில் ஒரு குழு இருந்தது. காலை எட்டு மணிக்கு அதில் ஒரு பெயர் வரும். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்ததும் எல்லோரும் வாங்குவார்கள்.

சந்தியாகு தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். இண்டெக்ஸ் ஃபண்டில் இதுவரை போட்ட ஒன்றரை லட்சம், ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரமாக ஆகியிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பார்த்து மகிழ்ந்த அதே தொகைதான். இப்போது அது அவருக்கு அவமானமாக இருந்தது.

மாதாமாதம் போடுவதற்காகச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்த பணத்திலிருந்து இரண்டு லட்சத்தை அந்த ரசாயனக் கம்பெனியில் போட்டார். தமயந்தியிடம் சொல்லவில்லை. லூர்தம்மாளிடமும் சொல்லவில்லை. பத்தே நாளில் அது இரண்டரை லட்சம் ஆனது. பதினோராம் நாள் அவர் வங்கிக்குப் போனார்.

"டெபாசிட்டை முடிச்சுடணும் சார். ஆறு லட்சம்."

"இன்னொரு கையெழுத்து?" என்று கேட்டார் அதிகாரி. படிவத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "அவங்க போட்டதும் கொண்டு வாங்க."

வீட்டில் மகள் நிறைமாதமாக உள்ளே படுத்திருந்தாள். லூர்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சந்தியாகு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிச்சாண்டி, ரசாயனக் கம்பெனி, பத்து நாளில் ஐம்பதாயிரம். சொல்லச் சொல்ல அவர் குரலே ஏறியது.

"எவ்வளவு எடுக்கணும்ங்கிறீங்க?"

"ஆறையும்."

"முட்டிக்கு?"

"ஜனவரிக்குள்ள ஆறு எட்டாயிடும் லூர்து. இன்னும் நல்ல ஆஸ்பத்திரியாப் பார்க்கலாம்."

"ஆகலைன்னா?"

"எல்லாருக்கும் ஆகுது."

லூர்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கிப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார்.

"டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னு சொன்னா போட்டுத் தரேன்."

சந்தியாகு அந்த மதியமே தில்லைநகர் போனார். தமயந்தி தனியாக உட்கார்ந்து யாருடைய வரிக் கணக்கையோ பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியாகு ரசாயனக் கம்பெனி விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை மேசையில் வைத்தார்.

"தப்புன்னு சொல்லப் போறீங்க."

"சொல்லலை சார்."

"இது ஏறாதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஏறலாம்."

"அப்புறம் என்ன?"

தமயந்தி படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. முன்கூட்டியே முடிப்பதற்கான காரணம் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. தமயந்தி பேனாவை நீட்டினார்.

"இதை உங்க கையால நிரப்பி அம்மாகிட்ட கொடுங்க. அவங்க கையெழுத்துப் போடட்டும். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

சந்தியாகு பேனாவை வாங்கினார். கட்டம் சின்னது. நாலு வார்த்தை எழுதலாம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"இது என்ன பரீட்சையா?" என்று எழுந்தார்.

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. படிவம் சட்டைப் பையிலேயே இருந்து, சட்டையோடு சேர்ந்து துவைபட்டுக் கூழாகியது. இன்னொன்று வாங்க அவர் வங்கிக்குப் போகவில்லை. பேத்தி பிறந்தாள். வீடு முழுக்கத் துணி காய்ந்தது. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் அலைந்ததில் மாதம் ஓடியது. தமயந்தியின் மேல் கோபம் மட்டும் குறையவில்லை.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை சந்தை விழுந்தது.

செவ்வாய் கொஞ்சம் எழுந்தது. இது தற்காலிக இறக்கம்தான், மலிவாகக் கிடைக்கும்போது இன்னும் வாங்குங்கள் என்று பிச்சாண்டியின் குழுவில் செய்தி வந்தது. புதன்கிழமை மறுபடி விழுந்தது. பிறகு விழுந்துகொண்டே இருந்தது. டிவியில் காளை என்று சொன்னவர்களே கரடி என்றார்கள்.

ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தையில் ஒரு எல்லை உண்டு. ரசாயனக் கம்பெனியின் பங்கு தினமும் காலை திறந்த நிமிடமே அந்த எல்லையைத் தொட்டு நின்றது. விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். வாங்க ஒருவரும் இல்லை. சந்தியாகு ஒவ்வொரு நாளும் ஒன்பதேகாலுக்கு விற்கச் சொல்லி அழுத்தினார். விற்கவில்லை. பதினாறாம் நாள் விற்றது. போட்டது இரண்டு லட்சம், வந்தது நாற்பத்தையாயிரம்.

ஒரு காலையில் பிச்சாண்டியின் கைபேசியில் அந்தக் குழுவே இல்லை.

"யார் நடத்தினாங்க கண்டக்டரே?"

"பேர் தெரியாது டிரைவரே. இறங்கும்போதும் வாங்கினேன். மொத்தம் மூணு லட்சம் விட்டேன்."

இருவரும் டீ குடிக்காமல் எழுந்தார்கள்.

சந்தியாகு சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பேத்தியைத் தூக்கினால் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார். இண்டெக்ஸ் ஃபண்டும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. போட்டதைவிடக் குறைவாகக் காட்டியது. டிசம்பர் முதல் ஞாயிறு அவர் மறுபடி அந்த மாடிப்படி ஏறினார்.

அறையில் நாலு பேர் இருந்தார்கள். "வாங்க சார்" என்றார் தமயந்தி, போன வாரமும் அவர் வந்திருந்ததைப் போல. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போகும்வரை சந்தியாகு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போட்டேன்னு தெரியும். போச்சுன்னு தெரியாது."

"டெபாசிட்?"

"அது இருக்கு. அதை நான் தொடலை."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஒன்றரை மாதமாக அவர் போன பணத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

"இருக்கு டீச்சர்" என்றார் மறுபடி. "ஆறும் அப்படியே இருக்கு."

அவர் தோள்கள் குலுங்கின. தமயந்தி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, திரும்பி நின்று கரும்பலகையை அழித்தார். அழித்து முடித்த பலகையை இன்னொரு தடவையும் அழித்தார்.

சந்தியாகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இண்டெக்ஸ் ஃபண்டுல இருக்கறதையாவது எடுத்துடறேன் டீச்சர். அதுவும் போறதுக்குள்ள."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் தரகர் ஆபீஸ்ல இருந்தப்போ இப்படி ஒரு வீழ்ச்சி வந்தது சார். போனைக் கீழ வைக்க முடியலை. எல்லாரும் வித்துடு, வித்துடுன்னாங்க. காலையிலேர்ந்து மூணரை மணி வரைக்கும் விக்கிற ஆர்டர் மட்டும்தான் அடிச்சேன். கடைசியா அடிச்சது எங்க அப்பாவோட கணக்கு."

"அவர் ஏன் வித்தார்?"

"தங்கச்சிக்கு இருபது நாள்ல கல்யாணம்."

"கல்யாணத்துக்கு வச்ச பணத்தை யார் கொண்டுபோய்ச் சந்தையில போடச் சொன்னது?"

"நான்."

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதிதான் வந்தது. அம்மா வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. கல்யாணம் நடந்துச்சு. ஆனா சார், அப்பா வித்ததை அன்னைக்கு யாரோ ஒருத்தர் வாங்கினார். வாங்க ஆள் இருந்ததாலதானே வித்தது? அவர் யார்னு எனக்குத் திரையில தெரியாது. ரொம்ப நாள் அந்த ஆளைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஊரே விக்கும்போது வாங்கறதுக்கு எங்கப்பாவைவிட அவருக்கு அப்படி என்ன தெரிஞ்சிருக்கும்னு."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"தெரியலை சார். ஒருவேளை அவர் வீட்டுல இருபது நாள்ல கல்யாணம் இல்லையோ என்னமோ."

சந்தியாகு டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"எனக்குப் பென்ஷன் வருது" என்றார் பிறகு. "ஃபண்டுல இருக்கறது இப்போ எனக்கு எதுக்கும் வேணாம்."

தமயந்தி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.  சந்தியாகு ஃபண்டை விற்கவில்லை. அந்த மாதமும் ஐந்தாம் தேதி முப்பதாயிரம் அதில் போனது. எத்தனை யூனிட் வந்திருக்கிறது என்று பார்த்தார். செப்டம்பரில் வந்ததைவிட அதிகம் வந்திருந்தது.

வகுப்பிலிருந்து திரும்பிய அந்த ஞாயிறு மதியமே, லூர்தம்மாள் சாதம் போட்டுக்கொண்டிருக்கும்போதே சந்தியாகு சொல்லிவிட்டார்.

"கண்டக்டர் சொன்ன கம்பெனியில போட்டது போச்சு லூர்து. ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரம்."

லூர்தம்மாளின் கை நின்றது.

"முட்டிக்கு வச்சது?"

"முட்டிப் பணம் பத்திரமா இருக்கு."

"இதுதானா?"

"இதுதான்."

"வேற ஒண்ணும் இல்லையே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"உடம்புக்கு என்ன?"

லூர்தம்மாள் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மாசமாச் சோறு இறங்கலை. குழந்தையைக்கூடச் சரியாத் தூக்கலை. டாக்டர் ஏதோ பெரிய வியாதி சொல்லியிருக்கார், எங்கிட்ட மறைக்கறீங்கன்னு இருந்தேன். மாதா கோவிலுக்கு நேர்ந்துகிட்டேன்யா." அழுதார். அழுதுகொண்டே திட்டினார். பாவி மனுஷா, ஒண்ணரை லட்சத்துக்கா என்று கேட்டார். பிறகு ஒன்றரை லட்சம் என்பது எவ்வளவு என்று யோசித்து மறுபடி திட்டினார். உள்ளேயிருந்து மகள் என்னம்மா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம்."

சந்தியாகு அன்று மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம்வரை பேத்தியை மடியிலேயே வைத்திருந்தார்.

ஜனவரியில் இருவரும் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனார்கள். லூர்தம்மாள் முதலில் போட்டார். சந்தியாகு அதற்குக் கீழே போட்டார். வட்டியோடு சேர்த்து என்று அதிகாரி சொன்ன தொகையை அவர் காதில் வாங்கவே இல்லை. நாலரை லட்சம் ஆஸ்பத்திரிக்குப் போனது. மீதி மறுபடி டெபாசிட்டில் உட்கார்ந்தது. யார் கையெழுத்து என்ற கட்டம் வந்தபோது சந்தியாகு தானே இரண்டாவது வரியில் டிக் அடித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிச்சாண்டி தினமும் காலையில் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்தார். சந்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பழைய பயணிகளைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை தமயந்தி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார். அப்போதுதான் பிசியோதெரபி செய்யும் பெண் லூர்தம்மாளைக் கட்டிலிலிருந்து எழுப்பி, வாக்கரைப் பிடிக்க வைத்து நிறுத்தியிருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. முதல்ல வாக்கர். அப்புறம் வலது கால்."

லூர்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொன்று வைத்தார்.  கட்டிலைத் தாண்டினார். ஜன்னலைத் தாண்டினார். கதவருகே போய் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். வியர்வையில் முகம் பளபளத்தது.

"உரசலை" என்றார். "என்னங்க, உள்ள உரசவே இல்லை."

சந்தியாகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வராந்தாவில் யாரோ இரண்டு பேர் உரக்கப் பேசிக்கொண்டு போனார்கள். இன்று சந்தை என்னமோ ஆகிவிட்டது என்பது மட்டும் கேட்டது. ஏறியதா இறங்கியதா என்பது கேட்கவில்லை. சந்தியாகு சட்டைப் பையைத் தொட்டார். மூன்று நாளாகக் கைபேசியில் சந்தைப் பக்கத்தையே அவர் திறக்கவில்லை. பழக்க தோஷத்தில் தமயந்தியிடம் கேட்டார்.

"இன்னைக்கு எவ்வளவு டீச்சர்?"

தமயந்தி கட்டிலிலிருந்து கதவுவரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"பதினோரு அடி சார்."